அலுமினியத்துக்குள் கல் பதிக்கும் வேலை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், அம்பாங் பெச்சாவிலிருந்து கெர்லிங், கலும்பாங் பக்கம் போகும் தோட்டச் சாலைகளில் இரண்டு வகை மோட்டார்கள்தான் கண்ணில் அதிகம் படும். ஒன்று ஹோண்டா ஈஎக்ஸ்5. மற்றது யமஹா 135எல்சி, அல்லது அதற்குப் பின்னால் வந்த ஒய்15இசட்ஆர். செம்பனைக்குள் எழும் அதே செம்மண் புழுதியில்தான் இரண்டும் ஓடுகின்றன. எஞ்சினைப் பிரித்தால் வேறுபாடு தெரியும். ஈஎக்ஸ்5-இல் பிஸ்டன் உரசும் உட்சுவர் வார்ப்பிரும்பு. தேய்ந்துபோனால் ரீபோர் அடித்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டனைப் போட்டு இன்னும் சில ஆண்டு ஓட்டலாம். எல்சியில் அந்த இரும்பு உறையே கிடையாது. பிளாக் முழுக்க அலுமினியம். பிஸ்டன் வளையங்கள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்குவது நேராக அந்த அலுமினியத்தின் மேல்தான்.

பட்டறையில் எல்சி பிளாக்கைக் கொடுத்து, “அண்ணே, இதையும் ரீபோர் அடிக்க முடியாதா?” என்று கேட்டால், “இது டயாசில் தம்பி, அடிக்கக்கூடாது, பிளாக்கை மாத்தணும்” என்றுதான் பதில் வரும். பதில் சரி. அது ஏன் சரி என்று தெரிந்துகொண்டால், உலகம் முழுக்க உலோக ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டாகத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் ஒரு விஷயமும் சேர்ந்து புரியும்: மென்மையான அலுமினியத்தைத் தேயாத அலுமினியமாக ஆக்குவது எப்படி?

முதலில், ஏன் இவ்வளவு பாடுபட்டு அலுமினியத்தையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? எடை ஒரு காரணம். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம்; வார்ப்பிரும்பு 7 கிராமுக்கு மேல். சூட்டைக் கடத்துவதில் எஞ்சினுக்குப் பயன்படும் அலுமினியக் கலவை வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. நம் ஊர் வெயிலில், முதல் கியரில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு மேடு ஏறும் வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை. குறை ஒன்றுதான், தேய்மானம்.

அலுமினியம் தேய்வது இரண்டு வழியில். எந்த அலுமினியத்தின் மேலும் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு தோல் இருக்கும். தோல் கடினமானது, அடியில் இருக்கும் உலோகம் மென்மையானது. அழுத்தம் கூடும்போது தோல் கிழிந்து, பச்சை உலோகம் வெளியே வந்து, எதிரே உரசும் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த உரசலில் அந்த ஒட்டு பிய்யும். பிய்யும்போது அலுமினியத்தின் ஒரு துணுக்கையும் பெயர்த்துக்கொண்டு போகும். எண்ணெய் வற்றி எஞ்சின் ‘ஜேம்’ ஆகும்போது உள்ளே நடப்பதில் பெரும் பகுதி இதுதான். இது ஒட்டுத் தேய்வு.

இரண்டாவது, கீறல் தேய்வு. செம்மண் புழுதியில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸுக்கு 7. அலுமினியத்துக்கு 3-க்கும் குறைவு. காற்று வடிகட்டி கிழிந்திருந்தால் அந்தத் துகள்கள் எஞ்சினுக்குள் போய், வளையத்துக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி, உழுதுகொண்டே போகும். உருளைக்குள் விரலை விட்டு நகத்தை மேலும் கீழுமாக ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கும் இடத்தில் கோடு ஆழமாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

தேய்மானத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 1953-இல் ஆர்ச்சர்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் எழுதியது. தேய்ந்துபோகும் பொருளின் அளவு, அழுத்தும் சுமைக்கும் உரசும் தூரத்துக்கும் ஏற்பக் கூடும். பரப்பின் கடினத்துக்கு ஏற்பக் குறையும். இதைப் படித்தவர்களுக்கு உடனே தோன்றுவது, கடினத்தைக் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்பதுதான். கல்லூரித் திட்ட அறிக்கைகள் பலவும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. ஆனால் அந்தச் சமன்பாட்டில் மாறிலி ஒன்றும் இருக்கிறது. எந்தப் பொருள் எதனோடு உரசுகிறது, எண்ணெய் இருக்கிறதா, புழுதி இருக்கிறதா என்பதையெல்லாம் அந்த ஒற்றை எழுத்து விழுங்கிக்கொண்டு நிற்கும். நிலைமைக்கு ஏற்ப அது ஆயிரம் மடங்கு மாறக்கூடியது. கடினத்தை இரண்டு மடங்காக்கிவிட்டு இந்த மாறிலியைக் கவனிக்காமல் விட்டால், கையில் ஒன்றும் மிஞ்சாது.

சரி, கடினத்தை அலுமினியத்துக்குள் கொண்டுவருவது எப்படி? சிலிக்கன் கார்பைடு, அலுமினா, போரான் கார்பைடு போன்ற பீங்கான் துகள்களை உலோகத்துக்குள் பதிக்கிறார்கள். சுற்றியிருக்கும் அலுமினியத்தைத் தாய் உலோகம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் துகள்கள் சுமையைத் தாங்கும், கீறலைத் தடுக்கும். இப்படிச் செய்ததுதான் அலுமினியக் கூட்டுப்பொருள்.

தார் ரோட்டில் சரளை இருப்பது போன்ற அமைப்பு இது. குலை லோரியின் சக்கரத்தைத் தாங்குவது சரளைக்கல். அந்தக் கல்லை இடத்தில் பிடித்து வைப்பது தார். தார் சரியாக ஒட்டாமல் ஒரு கல் கழன்றுவிட்டால் நட்டம் அந்த ஒரு கல்லோடு போவதில்லை. கழன்ற கல் சக்கரத்துக்கு அடியில் உருண்டு அக்கம்பக்கத்துக் கல்லையும் கிளப்பிவிடும். அலுமினியத்திலிருந்து பெயர்ந்த சிலிக்கன் கார்பைடு துகளும் அதையே செய்கிறது. மோஸ் அளவில் 9-க்கு மேல் இருக்கும் அந்தத் துகள், தான் காக்க வேண்டிய பரப்பையே அரைக்கத் தொடங்குகிறது. ஆகவே, தேய்மானத்தைக் குறைப்பதில் துகளைச் சேர்ப்பது பாதி வேலைகூட இல்லை. அது கழலாமல் பிடித்து வைப்பதில்தான் கைத்திறன், அறிவு, செலவு மூன்றும் போகின்றன.

யமஹா இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. அதன் ‘டயாசில்’ என்ற அலுமினிய உருளையில் ஏறத்தாழ 20 விழுக்காடு சிலிக்கன். உருகிய அலுமினியத்தில் சிலிக்கன் முழுவதும் கரைந்துவிடும். குளிரும்போது, 12 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வரை உள்ள சிலிக்கன் அலுமினியத்தோடு பின்னிப் பிணைந்து உறையும். அதற்கு மேல் இருப்பது தனிப் படிகங்களாகப் பிரிந்து நிற்கும். கடினமான அந்தப் படிகங்களை யாரும் வெளியிலிருந்து கொட்டவில்லை, உலோகத்துக்குள்ளேயே பிறந்தவை. அதனால் தாய் உலோகத்தோடு அவற்றின் ஒட்டு மிக நன்றாக இருக்கும். வேகமாகக் குளிரவைத்தால் படிகங்கள் சிறிதாகவும் பரவலாகவும் அமையும். கொஞ்சம் பாஸ்பரஸ் சேர்த்தாலும் படிகங்கள் சிறுக்கும். வார்ப்பட ஆலைகளில் இது அன்றாட வழக்கம்.

வார்த்து முடித்த பிறகு உட்சுவரை மெருகேற்றுவார்கள். சிலிக்கன் படிகங்கள் உடையாமல், அவற்றுக்கு இடையே இருக்கும் அலுமினியம் மட்டும் ஒரு மயிரிழையிலும் மிகச் சிறிய அளவு உள்வாங்கும்படி அந்த வேலை நடக்க வேண்டும். வளையங்கள் அந்தப் படிக முகடுகளின் மேல் வழுக்கிப் போகும். பள்ளங்களில் எண்ணெய் தங்கும். இப்போது ரீபோர் கருவியை உள்ளே விட்டால் என்ன ஆகும்? வெட்டும் முனை படிகங்களை நொறுக்கும், சிலவற்றைப் பிடுங்கி எறியும், மென்மையான அலுமினியத்தைச் சுவர் முழுக்க இழுத்துப் பூசிவிடும். பார்க்கப் பளபளப்பாகத்தான் இருக்கும். ஓட்டினால் கொஞ்ச நாளில் ஜேம். பட்டறைக்காரர் மறுப்பது இதனால்தான். சிலர் உள்ளே இரும்பு உறை இறக்கித் தருவார்கள். வண்டி ஓடும், ஆனால் சூடு வெளியேறும் பாதையில் இரும்புச் சுவர் ஒன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது.

துகளை வெளியிலிருந்து சேர்க்கும் வழி இதைவிடக் கடினம். ஆனால் எந்தத் துகள், எவ்வளவு, என்ன அளவு என்பதை நாமே தீர்மானிக்கலாம் என்பதால் ஆய்வுக்கூடங்களுக்கு அதன்மேல் தீராத ஆசை. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் இந்தியரான பிரதீப் ரோஹத்கி. 1960-களில் அமெரிக்காவில் நிக்கல் நிறுவனம் ஒன்றில் இருந்தபோது, நிக்கல் பூசிய கிராபைட் துகள்களை உருகிய அலுமினியத்துக்குள் வாயுவோடு ஊதிச் செலுத்திப் பார்த்தார். பின்னர் இந்தியா திரும்பி, பெங்களூர், திருவனந்தபுரம், போபால் ஆகிய இடங்களில் குறைந்த செலவில் இதையே செய்யும் வழிகளைத் தேடினார். பணக்கார நாட்டின் விமானத் தொழிலுக்கென்று பிறந்த ஒரு பொருளைச் சாதாரண வார்ப்படப் பட்டறைக்குக் கொண்டுவர முயன்றவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

அந்தக் குறைந்த செலவு வழிதான் கலக்கி வார்த்தல். மூசையில் அலுமினியக் கலவையை உருக்கி, 700 முதல் 750 பாகை செல்சியஸில் வைத்துக்கொள்கிறார்கள். துடுப்புப் பொருத்திய தண்டு ஒன்று சுழன்று நடுவில் சுழலை உண்டாக்குகிறது. அந்தச் சுழலுக்குள் துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுகிறார்கள். சொல்வது எளிது. முதல் முறை செய்து பார்ப்பவர்களின் துகள் முழுவதும் மேலே மிதந்துகொண்டு, உள்ளே போகவே மறுக்கும். சிலிக்கன் கார்பைடு அலுமினியத்தைவிடக் கனமானது, மூழ்கியிருக்க வேண்டும். மூழ்காததற்குக் காரணம், உருகிய அலுமினியம் பீங்கானை நனைப்பதில்லை. துகளைச் சுற்றிக் காற்றும் ஈரமும் ஆக்சைடு தோலும் நின்று வழிமறிக்கின்றன.

இதற்கு மூன்று வைத்தியம் உண்டு. துகளை முன்கூட்டியே சில நூறு பாகைக்குச் சூடாக்கி ஈரத்தைப் போக்குவது. நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதத்தில் இதை ஒருநாளும் தவிர்க்கக் கூடாது. அடுத்து, உலோகத்தில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு மக்னீசியம் சேர்ப்பது. அது நனைதலைக் கூட்டும். மூன்றாவது, சிலிக்கன் கார்பைடை 1000 பாகைக்கு மேல் காற்றில் சுட்டு, அதன்மேல் மெல்லிய சிலிக்கா தோலை வரவைப்பது. இந்தத் தோல் நனைவதற்கும் உதவும், இன்னொரு பெரிய ஆபத்தையும் தள்ளிப்போடும்.

அந்த ஆபத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சூடு அதிகமாகி, நேரமும் நீண்டால், அலுமினியம் சிலிக்கன் கார்பைடிலிருந்து கார்பனைப் பிடுங்கி அலுமினியம் கார்பைடை உண்டாக்கும். இது நொறுங்கும் பொருள். துகளுக்கும் தாய் உலோகத்துக்கும் நடுவில், ஒட்டு பலமாக இருக்க வேண்டிய அதே இடத்தில் உருவாகிறது. போதாததற்கு, தண்ணீர் பட்டால் சிதைந்து மீத்தேன் வாயுவை விடும். வார்த்த அன்றைக்கு நன்றாக இருக்கும் பாகம், மழைக்காலம் முடிவதற்குள் உள்ளுக்குள் அரிக்கப்பட்டிருக்கும். உலோகத்தில் முன்பே போதிய சிலிக்கன் இருந்தால் இந்த வினை அடங்கிவிடும். சிலிக்கன் கார்பைடு கலக்கும் வார்ப்படத்துக்கு, 7 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கன் உள்ள கலவைகளை அனுபவசாலிகள் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

கலக்கும் வேகத்திலும் அளவு வேண்டும். மெதுவாகச் சுற்றினால் துகள் அடியில் படியும். மிக வேகமாகச் சுற்றினால் காற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஓட்டை ஓட்டையாக உறையும். உறையும்போதும் ஒரு தொல்லை. வளரும் அலுமினியப் படிகங்கள் துகள்களைத் தங்களுக்கு முன்னால் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் உறையும் இடத்தில் குவித்துவிடும். குவியலின் நடுவில் உலோகம் புக இடமிருக்காது. உரசல் முதலில் கிளப்புவது அந்தக் குவியலைத்தான். வேகமாகக் குளிரவைப்பதும், அழுத்தம் கொடுத்து வார்ப்பதும் இதைக் குறைக்கும்.

எவ்வளவு துகள் சேர்க்கலாம்? வழக்கமாகக் கன அளவில் 10 முதல் 20 விழுக்காடு. அதற்கு மேல் போனால் உலோகம் அச்சில் ஓடாது, அடிபட்டால் உடையும். துகளின் அளவைப் பற்றி மாணவர்கள் அடிக்கடி மறந்துவிடும் ஒன்று: மணலோடு உரச வேண்டிய பாகமென்றால், உள்ளே இருக்கும் துகள் வெளியிலிருந்து வரும் மணலைவிட மிகச் சிறியதாக இருக்கக் கூடாது. மணல் பெரிதாக இருந்தால், துகளையும் அது பதிந்திருக்கும் உலோகத்தையும் சேர்த்து ஒரே வாரலாக வாரிக்கொண்டு போய்விடும். வழவழப்பான இரும்போடு எண்ணெயில் உரசும் பாகத்துக்கு நுண்ணிய துகள் போதும். புழுதியில் அரைபடும் பாகத்துக்குப் பெரிய துகள் வேண்டும். எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே கலவை என்று ஒன்று இல்லை.

எதிரே உரசும் பாகத்தையும் கவனிக்க வேண்டும். நம் அலுமினியம் தேயாமல் நிற்க, எதிர்ப்பக்கத்து இரும்பு தேய்ந்து தூளானால் யாருக்கு லாபம்? இங்கேதான் ரோஹத்கி தொடங்கிவைத்த கிராபைட் கை கொடுக்கிறது. சிலிக்கன் கார்பைடோடு சிறிதளவு கிராபைட்டும் சேர்த்தால், உரசும்போது அது பரப்பில் மெல்லப் பரவி உலர்ந்த எண்ணெய் போல வழுக்கும். இரு பக்கமும் தேய்மானம் குறையும். கிராபைட் கூடினால் வலிமை குறையும் என்பதால் அதிலும் நிதானம் தேவை. வார்த்த பிறகு செய்யும் வெப்பச் செய்முறையையும் விட்டுவிடக் கூடாது. 540 பாகை அளவில் சூடாக்கி, தண்ணீரில் முக்கி, 160 பாகை அளவில் மீண்டும் சில மணி நேரம் வைத்தால் தாய் உலோகம் கெட்டிப்படும். துகளைப் பிடித்து வைக்கும் கை அதுதானே.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நமக்குப் பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. அம்பாங் பெச்சாவிலிருந்து வடக்கே போனால் தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் ஆலை. அந்தப் புரோட்டோன் 1996-இல் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தைத் தன்வசமாக்கியது. அதே ஆண்டு சந்தைக்கு வந்த லோட்டஸ் எலிஸ் காரின் பிரேக் தட்டுகள் வார்ப்பிரும்பால் ஆனவை இல்லை. சிலிக்கன் கார்பைடு துகள் பதித்த அலுமினியம். எடை குறைந்தது, சூடு சட்டென்று பரவிப் போனது. பிரேக் கட்டையிலிருந்து வரும் பொருள் தட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, உரசல் அந்தப் படலத்தின் மேலேயே நடந்ததால் தட்டும் தேயவில்லை.

இவ்வளவு இருந்தும் சில ஆண்டுகளில் எலிஸ் வார்ப்பிரும்புத் தட்டுக்குத் திரும்பிவிட்டது. பொருளைத் தந்துகொண்டிருந்த நிறுவனம் தொழிலை விட்டு விலகியதே காரணம். இதில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. அலுமினியக் கூட்டுப்பொருளின் பலவீனம் பெரும்பாலும் உற்பத்திச் செலவில்தான். சிலிக்கன் கார்பைடு பதித்த பாகத்தைச் சாதாரண வெட்டுக் கருவியால் கடைந்தால் கருவிதான் மழுங்கும். வைர முனை வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போகும்போதும் சாதாரண அலுமினியத்தோடு கலந்து உருக்கிவிட முடியாது. இன்னொரு வரம்பும் உண்டு. அலுமினியம் 660 பாகையில் உருகும். அதற்கு வெகு முன்பே, 400 பாகையைத் தாண்டும்போதே, துகளைப் பிடித்திருக்கும் பிடி தளரும். கனமான வாகனம் நீண்ட இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தால் இரும்புத் தட்டு தாங்கும் சூட்டை இது தாங்காது.

பாகம் முழுவதும் துகள் தேவையில்லை, உரசும் இடத்தில் மட்டும் போதும் என்று நினைத்தவர்கள் வெற்றிகரமாகப் பிழைத்தார்கள். டொயோட்டா 1983-இல் டீசல் பிஸ்டனில் வளையம் உட்காரும் பள்ளத்தை மட்டும் பீங்கான் இழையால் வலுவூட்டியது. ஹோண்டா 1990-களின் தொடக்கத்தில் பிரெலூட் காரின் உருளைச் சுவரில் அலுமினா இழையையும் கார்பன் இழையையும் பதித்தது. என் கணிப்பில் இதுவே புத்திசாலித்தனமான வழி.

இப்போது நம் வட்டாரத்துக்கு. கோல சிலாங்கூரின் தெனாமாரம் தோட்டத்தில் 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. இன்று செம்பனை ஆலைகளின் கொதிகலன்களில் நாரும் ஓடும் எரிகின்றன. அடியில் சாம்பலும் கட்டிகட்டியான கசடும் மிஞ்சுகின்றன. செகிஞ்சான், தஞ்சோங் காராங் பக்கம் நெல் ஆலைகளில் உமி குவிகிறது. உமியை எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. காப்பார் மின் நிலையத்தில் நிலக்கரிச் சாம்பல். விலை கொடுத்து வாங்கும் சிலிக்கன் கார்பைடுக்குப் பதிலாக இவற்றை அலுமினியத்தில் கலந்தால் என்ன என்ற கேள்வியை நம் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். செம்பனைக் கசட்டுத் துகள் கலந்த அலுமினியத்தின் தேய்மானத்தைச் சோதித்து வெளியான ஆய்வுகள் உண்டு.

இது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் முயற்சி. தோட்டத்தில் வளர்ந்து, ரவாங்கிலும் செரண்டாவிலும் தஞ்சோங் மாலிமிலும் வாகன ஆலைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இதைக் கையிலெடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதனால்தான் சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். சாம்பலில் எரியாத கரி இருக்கும்; அதை மீண்டும் சுட்டுப் போக்காவிட்டால் உலோகத்தோடு ஒட்டாது. செம்பனைச் சாம்பலில் பொட்டாசியம் உப்புகளும் இருக்கும், கழுவ வேண்டும். சிலிக்கா உருகிய அலுமினியத்தில் சும்மா இருக்காது. அலுமினியம் அதன் ஆக்சிஜனைப் பறித்து அலுமினாவாகும், சிலிக்கன் உலோகத்துக்குள் கரையும். இரண்டுமே கடினத்துக்கு நல்லதுதான், ஆனால் நனைவதற்காகச் சேர்த்த மக்னீசியத்தையும் இந்த வினை சேர்த்துத் தின்றுவிடும். எனவே மக்னீசியக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். நிலக்கரிச் சாம்பலில் உள்ள உள்ளீடற்ற உருண்டைகள் அலுமினியத்தைவிட இலேசானவை. அவை மேலே மிதக்கும்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் செய்வது ஊசி-தட்டுச் சோதனை. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சியைச் சுழலும் எஃகுத் தட்டின் மேல் அழுத்தி, எண்ணெய் இல்லாமல், சில கிலோமீட்டர் தூரம் உரசவிட்டு எடை இழப்பைப் பார்ப்பார்கள். ஒரு கலவையை இன்னொன்றோடு ஒப்பிட இது நல்ல சோதனை. ஆனால் புழுதி இல்லை, எண்ணெய் இல்லை, எஞ்சின் சூடும் இல்லை. அங்கே நல்ல மதிப்பெண் வாங்கிய சாம்பல் அலுமினியத்தை நேராகப் பிஸ்டனுக்கோ, செம்பனை ஆலையின் திருகு அழுத்திக்கோ பரிந்துரைப்பது தவறு. திருகு அழுத்தியில் எஃகே தேய்ந்து மாற்றப்படுகிறது. அலுமினியத்துக்கு அங்கே இடமே இல்லை. சுமை குறைந்த, வேகம் குறைந்த பாகங்களில் தொடங்கலாம்: கப்பி, புஷ், மூடிகள், கைவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதி. அவற்றையும் உலர்ந்த எஃகுத் தட்டில் மட்டும் விடாமல், நம் தோட்டச் சாலையில் அள்ளிச் சலித்த செம்மண்ணைத் தூவி உரசவிட வேண்டும். பிறகு தேய்ந்த பரப்பை நுண்ணோக்கியில் வைத்து, துகள் இருந்த இடத்தில் துகள் இருக்கிறதா, குழி இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.